ஒளியே உளியாக

கல்லில் உருவம் சமைக்கும் சிற்பிக்கு உளியும் சுத்தியலும் கருவிகள் என்பதை யாவரும் அறிவர். அவ்விரண்டோடு மூன்றாவது கருவி ஒன்றும் உண்டு. அது வெளிச்சம். வண்ணம் தீட்டப்பெறாத கல்லுருவில் இமை இது, கன்னம் இது, இதழின் ஓரம் இது என்று நம் கண்ணுக்குப் புலப்படுத்துவன, மேட்டில் வீழும் ஒளியும் பள்ளத்தில் தங்கும் நிழலுமே ஆகும். மாணவர்களே! உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் புடைப்பாகச் செதுக்கிய உருவத்தின் முன்னே ஒரு விளக்கை நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். உருவம் தட்டையாகத் தோன்றும். அவ்விளக்கையே பக்கவாட்டில் சற்று உயர்த்திப் பிடியுங்கள், புருவம் வளையும், மூக்கு எழும், மூடியிருந்த வாய் பேச வந்தது போலாகும். கல் மாறவில்லை; ஒளி வந்த திசையே மாறிற்று.

இவ்வுண்மையைக் கல்லிலும் களிமண்ணிலும் கற்று, பின்னர் நிழற்படக் கலையில் அதனைக் கையாண்டு பெரும்புகழ் எய்தியவர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் அந்துவான் சாமுவேல் ஆதாம் சாலமோன் என்பது.

பாரீசு நகருக்குக் கிழக்கே மார்ன் ஆறு பாய்கிறது. அதன் கரையில் உள்ள லா பெர்த்தே என்னும் சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில், 1818-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9-ஆம் நாள் சாலமோன் பிறந்தார். இளமையிலேயே களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதில் அவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. அந்நாளில் ஃபோன்தேன்புளோ என்னும் ஊரில் ஜாக்கோப் பெத்தி என்பவர் பீங்கான் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். பூங்கொத்துகளும் மனித உருவங்களும் பொருந்திய ஒப்பனைக் கலங்களுக்கு அத்தொழிற்சாலை பெயர் பெற்றது. அங்கே அச்சுருச் செய்பவராகச் சாலமோன் பணியில் அமர்ந்தார்.

பீங்கான் வேலை எளிதென்று எண்ண வேண்டா. விரற்கடை அளவுள்ள முகத்தில் கண்ணும் மூக்கும் பிசகாது அமைய வேண்டும். சூளையில் வெந்து சுருங்கிய பின்னும் அம்முகம் முகமாகவே இருத்தல் வேண்டும். சிறியதில் பெரியதைக் காட்டும் பயிற்சி சாலமோனுக்கு இங்கேதான் தொடங்கிற்று என்று கொள்ளலாம். அவருடைய திறத்தைக் கண்ட தம் மாவட்டத்தார் பொருளுதவி அளித்து அவரைப் பாரீசுக்கு அனுப்பினர். அங்கே சிற்பக்கலையை முறையாகப் பயின்ற அவர், சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கும் சென்று மீண்டார்.

சிற்பியாக அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது ஒரு பதக்கச் சிற்பம். பதக்கச் சிற்பமாவது, நாணயத்தில் காண்பது போல, வட்டமான பரப்பின்மீது ஒருவருடைய முகத்தைச் சிறிதே புடைத்துத் தோன்றுமாறு அமைப்பது. பெரான்ஜே என்னும் கவிஞரின் முகத்தைச் சாலமோன் அவ்வாறு வடித்தார். பெரான்ஜே அந்நாட்டு எளிய மக்களின் பாவலர். ஆட்சியாளரை எள்ளிப் பாடியமைக்காக இருமுறை சிறை புகுந்தவர். அவர் பாடல்களை உழைப்பாளரும் படைவீரரும் தெருவெல்லாம் பாடினர். ஆகவே அவர் முகம் பொறித்த சிற்பத்துக்குப் படிகள் பல எடுக்கப்பெற்றன. அவை நாடெங்கும் பரவின. சிற்பியின் பெயரும் அவற்றோடு பரவியது. பின்னர்ச் சார்லோத்து கோர்தே என்னும் வரலாற்று மங்கையின் உருவத்தையும், இசைவாணர் ரோசினி, கவிஞர் லாமார்த்தீன் முதலியோரின் உருவங்களையும் அவர் சமைத்தார்.

பதக்கச் சிற்பத்தைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறல் வேண்டும். முழுச் சிலையில் தலை எத்துணைப் பருமன் உடையதோ அத்துணையும் கல்லில் இருக்கும். சுற்றி வந்து பார்க்கலாம். பதக்கத்திலோ சிற்பிக்குக் கிடைப்பது நெல்மணியளவு கனமே. அதற்குள் நெற்றியின் அகலத்தையும் கன்னத்தின் வளைவையும் கழுத்தின் திரட்சியையும் காட்டிவிட வேண்டும். எந்தப் பக்கத்து ஒளி எங்கே நிழல் செய்யும் என்று முன்னரே உணராதவனால் அதனைச் செய்ய இயலாது. நிறமின்றி, கனமின்றி, ஒளி நிழல்களால் மட்டுமே முகத்தைக் காட்டும் இக்கலைக்கும் நிழற்படத்துக்கும் உள்ள உறவு நெருங்கியது. சாலமோன் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஓடினார் என்று பலர் எழுதுவர். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. ஒரே வித்தையை வேறொரு பொருளில் செய்தார் என்பதே என் கருத்து.

இனி, அந்நாளில் நிழற்படக்கலை இருந்த நிலையைச் சிறிது காண்போம். நியெப்ஸ், தாகேர் என்னும் இருவருடைய முயற்சியால் உருவான இக்கலையின் நுட்பத்தைப் பிரெஞ்சு அரசு 1839-ஆம் ஆண்டு உலகுக்கு வெளியிட்டது. தொடக்கத்தில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படந்தான் கிடைத்தது. 1851-ஆம் ஆண்டு ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலச் சிற்பி ஒரு புதிய முறையை வெளியிட்டார். ஆம், அவரும் சிற்பியே! இம்முறைப்படி, கொலோடியன் என்னும் பிசினைக் கண்ணாடித் தகட்டில் வார்த்து, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவி எடுக்க வேண்டும். தகட்டில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறிப் பதியும். அதனை முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். ஒரு தகட்டிலிருந்து எத்தனை படமும் எடுக்கலாம்.

எத்தனையும் எடுக்கலாம் என்றதும் வாணிகம் நுழைந்தது. திஸ்தேரி என்பவர் 1854-ஆம் ஆண்டு ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பிடிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பெயரட்டை அளவினவான அப்படங்களை மக்கள் டசன் கணக்கில் வாங்கி நண்பர்க்கு வழங்கினர். பாரீசில் நிழற்படக் கூடங்கள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன. கூடத்தின் கூரையும் சுவரும் கண்ணாடி, எங்கும் வெளிச்சம், வருவோர் எவராயினும் அதே அட்டைத் தூண், அதே திரைச்சீலை, அதே நாற்காலி. தலை அசையாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவை. வெளிச்சம் எங்கும் ஒருபடித்தாய் நிறைந்திருந்தமையால் முகத்தில் நிழலே இராது. நிழல் இல்லாத முகத்தில் வடிவமும் இராது. அமைச்சரும் அங்காடி வணிகரும் ஒரே அச்சில் வார்த்தவர் போலத் தோன்றினர். அவ்வட்டைத் தூணும் திரைச்சீலையும் கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தன. அரண்மனையும் பூங்காவும் எழுதிய திரையின்முன் மூச்சடக்கி நின்று யான் எடுத்துக்கொண்ட இளமைப் படம் ஒன்று இன்றும் என் வீட்டில் உள்ளது. அதில் திரையிலுள்ள பூங்கா நன்றாக இருக்கிறது. என் முகந்தான் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இத்தகைய நாளில், 1858-ஆம் ஆண்டில், சாலமோன் பவேரிய நாட்டு மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே பிரான்சு ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பாரிடம் நிழற்படக்கலை பயின்றார். ஹான்ஃப்ஸ்டேங்கல் முதலில் கல்லச்சு ஓவியர். திரெஸ்டன் நகர ஓவியக்கூடத்துப் படங்களைக் கல்லச்சில் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். பின்னர் நிழற்படத்துறையில் புகுந்தவர். கண்ணாடித் தகட்டில் தோன்றும் மறு, சுருக்கம் முதலியவற்றைக் கையால் திருத்தும் முறையில் அவர் வல்லவர். திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் 1855-ஆம் ஆண்டுப் பாரீசுப் பொருட்காட்சியில் அவர் அருகருகே வைத்துக் காட்டியபோது கண்டோர் வியந்தனர்.

அப்போது சாலமோனுக்கு அகவை நாற்பது. நாடறிந்த சிற்பி, செல்வர்களும் கவிஞர்களும் தேடி வரும் கலைஞர். அவர் மீண்டும் மாணவராகி, பிசினும் வெள்ளி உப்பும் பட்டு விரல்கள் கறுக்க, ஒரு புதிய தொழிலை அடியிலிருந்து கற்றார். அன்றைய சிற்பிகளும் ஓவியர்களும் அத்தொழிலை எவ்வளவு இழிவாக மதித்தனர் என்பதை நோக்கினால் அவருடைய துணிவு விளங்கும். கலையில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் நிழற்படக் கூடம் என்பதே அவர்களுடைய எண்ணம். போதலேர் என்னும் கவிஞர் 1859-ஆம் ஆண்டில் நிழற்படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1862-ஆம் ஆண்டில், நிழற்படமும் கலைப்படைப்பாகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஓவியப் பேராசான் ஆங்கர் உள்ளிட்ட பலர் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர்.

சாலமோன் 1859-ஆம் ஆண்டு பாரீசில் தம் நிழற்படக் கூடத்தைத் திறந்தார். அவர் செய்த முதல் மாற்றம் வெளிச்சத்தைக் குறைத்தது. நாற்புறமும் ஒளி பாயும் கூடம் அவருக்கு வேண்டியதில்லை. உயரத்தில் ஒரு பக்கத்திலிருந்து ஒளி சரிந்து வந்து முகத்தில் வீழுமாறு அமைத்தார். சிற்பக் கூடங்களில் களிமண் உருவத்தை மதிப்பிடச் சிற்பிகள் விரும்பும் ஒளி அதுவே. ஒளி பட்ட நெற்றி பொலிந்தது. மறுபக்கத்துக் கன்னம் மெல்ல மெல்ல இருளில் கரைந்தது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையில் முகத்தின் வடிவம் எழுந்தது. அட்டைத் தூண்களையும் எழுதிய திரைகளையும் ஒதுக்கினார். பின்புலம் கருமையாகவே நின்றது. முழு உருவத்தைக் காட்டாமல், பெரும்பாலும் இடை வரையிலான உருவத்தையே எடுத்தார்.

உடை அவருக்கு மற்றொரு சிக்கலாயிற்று. அக்காலத்து ஆடவர் அணிந்த இறுகிய கருப்பு மேற்சட்டை படத்தில் கரித்துண்டு போலத் தோன்றும். சாலமோன் தம்மிடம் வருவோருடைய தோளில் வெல்வெட்டுத் துணியைப் போர்த்தி, மடிப்புகள் விழுமாறு ஒழுங்கு செய்வார். சிலையின் ஆடையில் மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று பல்லாண்டு சிந்தித்தவருக்கு இது கைவந்த செயல். ஈரத்தகட்டு முறையில் பல நொடி அசையாதிருக்க வேண்டும். அந்நிலையிலும் அவர் எடுத்த படங்களில் விறைப்பு மிகுதியாக இல்லை. இயல்பாக ஒரு பக்கம் சாய்ந்தோ, கையை ஊன்றியோ மக்கள் அமர்ந்திருக்கக் காண்கிறோம். அவற்றைக் கண்டவர்கள், இருளினின்று முகங்களை எழச்செய்த டச்சு ஓவியர் ரெம்பிராண்டோடு அவரை ஒப்பிட்டனர்.

கவிஞர் லாமார்த்தீனுடைய மனமாற்றம் இவ்வரலாற்றில் சுவைமிக்க பகுதியாகும். லாமார்த்தீன் பெருங்கவிஞர், அரசியல் தலைவருமாவார். 1848-ஆம் ஆண்டுப் புரட்சியில் முடியாட்சி வீழ்ந்தபோது அமைந்த இடைக்கால அரசில் முதன்மையாக நின்றவர். அவ்வாண்டு இறுதியில் குடியரசுத் தலைவர் தேர்தலில் படுதோல்வி அடைந்து, பின்னர்க் கடனில் மூழ்கினார். கடனைத் தீர்க்க 1856 முதல் திங்கள்தோறும் இலக்கியக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டு வந்தார். அக்கட்டுரைகளில் ஓரிடத்தில், நிழற்படம் ஒருபோதும் கலையாகாது என்றும், அது ஆடியின் வழியே இயற்கையைத் திருடிப் படியெடுக்கும் வேலையே என்றும் பழித்தார். மனிதனுடைய உள்ளம் தலையிடாத ஒன்றைக் கலை என்பது எங்ஙனம் என்பது அவர் வினா.

அதன் பின்னர்ச் சாலமோன் எடுத்த முகப்படங்களை அவர் கண்டார். ஏற்கெனவே தம் முகத்தைக் கல்லில் வடித்த அதே கையின் வேலை அவை. கவிஞர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றியதோடு அமையாமல், தாம் பழித்த அதே கட்டுரை வரிசையிலேயே, தாம் பழித்தது தவறு என்று எழுதினார்; நிழற்படம் ஒரு கலை என்றும், கலையினும் மேலாக அது கதிரவனோடு மனிதன் கூடிச் செய்யும் அருஞ்செயல் என்றும் போற்றினார். புகழ் வாய்ந்த முதியவர் ஒருவர் தாம் அச்சிட்ட கருத்தைத் தாமே அச்சில் மறுப்பது எளிதில் நிகழ்வதன்று. அந்நாளில் நிழற்படக்கலைஞர்கள் இச்செய்தியை எங்கெங்கும் எடுத்துக்காட்டி மகிழ்ந்தனர்.

1867-ஆம் ஆண்டு பாரீசில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. பல நாட்டு மக்களும் திரண்டு வந்தனர். அங்கே நிழற்படப் பகுதியில் சாலமோனுடைய முகப்படங்கள் வைக்கப்பெற்றன. அவை எழுப்பிய பரபரப்பு பெரிது. குறிப்பாக இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அப்படங்களின் முன்னே நெடுநேரம் நின்றனர். நிழற்படத்தில் இத்துணை ஆழமும் இத்துணைத் திரட்சியும் இயலுமா என்பதே அவர்களுடைய வியப்பு. அந்நாட்டு நிழற்பட இதழ்கள் அவர் கூடத்தின் சன்னல் எப்பக்கம், திரை எங்கே, துணி யாது என்றெல்லாம் ஆராய்ந்து எழுதலாயின. அங்கங்கே கூடம் வைத்திருந்தோர் தம் கண்ணாடிக் கூரையின் ஒரு பகுதியைத் துணியால் மூடிப் பார்த்தனர்.

புகழ் வந்த வழியே பழியும் வந்தது. இப்படங்களின் அழகு ஒளியால் வந்ததன்று, தூரிகையால் வந்தது என்று சிலர் கூறினர். தகட்டையும் தாளையும் கையால் திருத்திவிட்டு, அதனை நிழற்படம் என்று காட்டுவது மோசடி என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வேறு சிலர் படங்களை நுணுகி நோக்கி, ஒளியமைப்பே முதற்காரணம் என்று மறுத்தனர். இங்கிலாந்தின் இதழ்களில் இச்சொற்போர் சூடாக நடந்தது.

உண்மை யாது? சாலமோன் திருத்தம் செய்யாதவர் அல்லர். அதில் வல்லவரான ஹான்ஃப்ஸ்டேங்கலிடம் பயின்றவர் அதனைக் கையாண்டதில் வியப்பில்லை. அக்காலத்துத் தகடு சிவப்பு நிறத்தைக் கருமையாகவே பதிக்கும். கன்னத்தில் இயல்பாக உள்ள செம்மையும் தோலின் புள்ளிகளும் அழுக்குப் போலத் தோன்றும். அவற்றை நீக்குவது பொய்யா, தகடு கூறிய பொய்யைத் திருத்துவதா? இவ்வினாவுக்கு அன்று ஒருமித்த விடை கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. நேர் எதிரே வந்த ஒளியில் எடுத்த தட்டையான முகத்தை எத்துணைத் திருத்தினாலும் அதில் திரட்சி வாராது. நெற்றியில் பொலிவும் கண்குழியில் நிழலும் தகட்டில் பதிந்த பின்னரே தூரிகைக்கு வேலை. பழித்தவர்கள் இதனை மறந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்துப் பாரீசில் முகப்படத்துக்குப் புகழ்பெற்ற மற்றொருவர் நாதார் என்பவர். கேலிச்சித்திரக்காரராயிருந்து நிழற்படத்துக்கு வந்தவர் அவர். இருவர் படங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் நலம். நாதாருடைய படத்தில் மனிதர் இப்போதுதான் பேச்சை நிறுத்தி நம்மை நோக்கியவர் போல இருப்பார். சாலமோனுடைய படத்தில் அவர் தம் நினைவுச் சின்னத்துக்குத் தாமே அமர்ந்திருப்பவர் போலத் தோன்றுவார். வெல்வெட்டும் இருளும் சில இடங்களில் மிகையாகிவிட்டன என்பதும் உண்மையே. சிற்பியின் பழக்கம் அவரை உயர்த்தியது போலவே கட்டவும் செய்தது.

பாரீசு நாடக இசையரங்கைக் கட்டிய கட்டடக்கலைஞர் சார்லசு கார்னியே, எழுத்தாளர் அல்போன்சு கார் முதலியோர் சாலமோனிடம் படம் எடுத்துக்கொண்டவர்களுள் அடங்குவர். 1869-ஆம் ஆண்டு லாமார்த்தீன் மறைந்தார். 1870-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு சாலமோனுக்கு லெஜியன் தொனர் என்னும் சிறப்பு வரிசையில் செவாலியே பட்டம் வழங்கிற்று. அவ்வாண்டே பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது; பாரீசு முற்றுகைக்கு உள்ளாயிற்று.

நிழற்படத்தால் பெயர் பெற்ற பின்னும் சாலமோன் சிற்பத்தொழிலைக் கைவிடவில்லை. அவருடைய மனைவியாரும் சிற்பம் பயின்றவர், நூல் எழுதியவர். அவர் கணவருக்கு முன்னரே காலமானார். 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் சாலமோனும் பாரீசில் மறைந்தார்.

அவர் மறைந்த நாளில் ஈரத்தகட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. முன்னரே செய்து பெட்டியில் வைக்கத்தக்க உலர்தகடுகள் கடைகளுக்கு வந்துவிட்டன. இருட்டறைக்கு ஓட வேண்டிய தேவை ஒழிந்தது. பெரான்ஜேயின் பாடல்களைப் பாடிய தலைமுறையும் மறைந்தது. சுவர்களில் தொங்கிய பதக்கங்களும் ஒவ்வொன்றாக இறங்கின. முட்டை வெண்கரு பூசிய அந்த மெல்லிய தாள்களோ பாரீசிலும் நியூயார்க்கிலும் உள்ள அருங்காட்சியகங்களில் பேணப்பெற்று வருகின்றன. பழுப்பேறிய அத்தாள்களில் மேலிருந்து சரிந்து வரும் வெளிச்சம் நெற்றியில் பட்டு, மூக்கின் ஓரமாக இறங்கி, வெல்வெட்டின் மடிப்புகளில் மறைகிறது.